பாஸ் கிதாருக்கு ஓர் ஒலிச்சீராக்கி

"கம்பிரஸர்" என்னும் சொல்லைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிற் கூறின், கேட்போர் உள்ளத்தில் எழுவது சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் யந்திரமேயாகும். இராயபுரம் முதல் எண்ணூர் வரை பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த இப்பகுதியில் அது வியப்பன்று. ஆயினும் அப்பெயருடைய வேறொரு கருவியுமுண்டு. அஃது இசைவாணர் தம் காலடியில் வைத்து மிதித்து இயக்கும் சிறு பெட்டி. முன்னையது காற்றைச் சுருக்கும். பின்னையது ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சுருக்கும். பாஸ் கிதார் பயிலும் மாணவன் அப்பெட்டியைத் தன் கையாலேயே செய்துகொள்ளுமாறு யாதென விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

பாஸ் கிதாரை இன்றைய மின்சார வடிவில் பரவச் செய்தவர் அமெரிக்க நாட்டு லியோ ஃபெண்டர். அவருடைய "பிரிஸிஷன் பாஸ்" 1951-ல் வெளிவந்தது. நான்கு கம்பிகளுள் மிகத் தடித்தது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. இத்துணைத் தாழ்ந்த ஒலியைச் சிறிய ஒலிபெருக்கி எளிதில் எழுப்பாது. அன்றியும் ஒரு கம்பி முழங்கும், மற்றொன்று மறையும். கானாப் பாட்டு வளர்ந்த வடசென்னையில் இக்குறை சிறிதன்று. 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முறை மேடையேறிய "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழுவினர் கானாவோடு ராப், ராக் முதலிய இசைகளையும் இணைத்துப் பாடினர். பறை முழங்கும் அத்தகைய மேடையில் பாஸ் கிதாரின் ஒலி ஒரே அளவாய் நில்லாவிடின், பாட்டுக்கு அடித்தளமே தளர்ந்துபோம்.

இனி, இக்கருவியின் தத்துவத்தை நோக்குவோம். காசிமேட்டு விசைப்படகின் டீசல் யந்திரத்தில் "கவர்னர்" என்னும் உறுப்பு உண்டு. யந்திரம் அளவுகடந்து விரைந்தால், அவ்விரைவே கவர்னரை இயக்கி எண்ணெயைக் குறைப்பிக்கும்; தளர்ந்தால் மிகுவிக்கும். ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி யந்திரத்துக்குப் பொருத்தியதும் இவ்வகையதே. தன் விளைவே தன்னை அடக்குமாறு அமைப்பது இதன் நுட்பம். நம் பெட்டியும் இங்ஙனமே. உள்ளே ஒரு பெருக்கி. அதன் ஒலி மிகுந்தால் ஒரு சிறு விளக்கு ஒளிரும். அவ்வொளி பட்டவுடன் எல்.டி.ஆர். என்னும் ஒளியுணர் தடையின் அளவு குறையும். தடை குறையவே பெருக்கமும் குறையும். 1960-களில் ஒலிப்பதிவுக் கூடங்களிற் புகழ்பெற்ற "எல்.ஏ. 2 ஏ" என்னும் கருவியும் ஒளியைக் கொண்டே ஒலியை அடக்கியது.

வேண்டும் பொருள்கள் அரியனவல்ல. அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவிற் கிடைப்பனவே. டி.எல். 072 என்னும் எட்டுக் கால் ஐ.சி. ஒன்று, எல்.டி.ஆர். ஒன்று, பிரகாசமான சிவப்பு எல்.இ.டி. ஒன்று, 1என் 4148 டயோடு ஒன்று, 100 கிலோ ஓம் குமிழ்கள் இரண்டு, சில ரெசிஸ்டர்கள், சில கண்டென்ஸர்கள், 9 வோல்ட் பாட்டரி ஆகியவை போதும். வீட்டு மின்சாரத்தை நேரே இதனுள் கொணரவே கூடாது.

பாட்டரியின் நேர்முனை 8-ம் காலுக்கும் எதிர்முனை 4-ம் காலுக்கும் செல்லும். எதிர்முனையே தரை. இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைப் பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே தொடராக இணைத்து, அவை கூடுமிடத்திலிருந்து 47 மைக்ரோ ஃபாரட் கண்டென்ஸரைத் தரைக்கு வைத்தால், அவ்விடத்தில் பாதி மின்னழுத்தம் நிற்கும். கிதாரின் ஒலி 0.1 மைக்ரோ ஃபாரட் வழியாக 3-ம் காலை அடையும். அக்காலிலிருந்து 1 மெகா ஓம் ரெசிஸ்டர் பாதி மின்னழுத்தத்துக்குச் செல்லும். 1-க்கும் 2-க்கும் இடையே 220 கிலோ ஓம் ரெசிஸ்டரும் எல்.டி.ஆரும் அருகருகே பாலமாய் நிற்கும். 2-ம் காலிலிருந்து 10 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபாரட்டும் தொடராகத் தரைக்குச் செல்லும். 1-ம் காலின் ஒலி இன்னொரு 1 மைக்ரோ ஃபாரட் கடந்து, அளவுக் குமிழ் வழியாக வெளிவரும்.

விளக்கை எரிப்பது ஐ.சி.யின் மறுபாதி. 1-ம் காலை 5-ம் காலோடு நேரே சேர்க்க. உணர்வுக் குமிழை 6, 7-ம் கால்களுக்கிடையே வைக்க. 6-லிருந்து முன்போலவே 10 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபாரட்டும் தரைக்குச் செல்லும். 7-லிருந்து 1 கிலோ ஓமும் 10 மைக்ரோ ஃபாரட்டும் கடந்து எல்.இ.டி.யின் நேர்முனையை அடைக. அதன் எதிர்முனை தரைக்கு. டயோடை அதற்கு இணையாக, திசைமாற்றி வைக்க. நேர்முனை குறித்த கண்டென்ஸர்களில் அம்முனை ஐ.சி.யை நோக்கியிருத்தல் வேண்டும். எல்.இ.டி.யையும் எல்.டி.ஆரையும் எதிரெதிராக ஒரு கருங்குழாயுள் அடைத்து, வெளியொளி புகாமற் காக்க.

ஒளியில்லாதபோது பெருக்கம் ஏறத்தாழ 20 மடங்கு. ஒளியால் எல்.டி.ஆரின் தடை 10 கிலோ ஓமாகக் குறைந்தால் பெருக்கம் 2 மடங்கே. உணர்வுக் குமிழைத் தக்கவாறு திருப்பினால், 0.05 வோல்ட் மெல்லொலி 1 வோல்ட்டாகவும், 1 வோல்ட் வல்லொலி 2 வோல்ட்டாகவும் வெளிவரும். அதாவது, 20 மடங்கு வேற்றுமை 2 மடங்காகச் சுருங்குகின்றது.

ஈண்டு என் பிழையொன்றையும் கூறுதல் நலம். முதன்முறை செய்தபோது, 2-ம் காலுக்குரிய 1 மைக்ரோ ஃபாரட்டுக்குப் பதிலாகக் கைக்கு அகப்பட்ட 0.1-ஐ வைத்துவிட்டேன். மெல்லிய கம்பிகள் கேட்டன. தடித்த கம்பி ஒலிக்கவேயில்லை. வாசித்த நண்பனின் விரலுக்கு வலிவில்லையென்று அனைவரும் பழித்தோம். அவனும் அதை நம்பி, விரல் கன்ற அழுத்தி வாசித்தான். பின்னர்த்தான் கணக்கிட்டேன். 159-ஐ, கிலோ ஓமையும் மைக்ரோ ஃபாரட்டையும் பெருக்கிவந்த தொகையால் வகுத்தால், எவ்வதிர்வுக்குக் கீழ் ஒலி மெலியும் என்பது விளங்கும். 10-ஐ 0.1-ஆற் பெருக்க 1. ஆகவே 159 அதிர்வுக்குக் கீழ் மெலிவு. 41 அதிர்வுடைய கம்பிக்கு நாலிலொரு பங்கு பெருக்கமே எஞ்சியிருந்தது. 1 மைக்ரோ ஃபாரட் வைத்தாலோ அவ்வெல்லை 16-க்கு இறங்கும். குற்றம் விரலில் இல்லை, என் கணக்கில் இருந்தது. நண்பனிடம் அதனை ஒப்புக்கொண்ட பின்னரே கண்டென்ஸரை மாற்றினேன்.

இக்கருவிக்கும் குறைகளுண்டு. எல்.டி.ஆர். சற்றுத் தாமதித்தே உணருமாதலால், கம்பியைத் தட்டும் முதலொலி அடங்காமல் வெளிப்படும். அது கரகரத்தால் 220-க்குப் பதில் 100 கிலோ ஓம் வைக்க. ஆயினும் அத்தாமதமே ஒரு நன்மையுமாம். 41 அதிர்வுடைய ஒலியில் ஓரலை நீங்கி மறு அலை வர 24 மில்லி நொடி செல்லும். அதற்குள் பெருக்கம் ஏறியிறங்கினால் ஒலி சிதையும். மற்றொரு குறை, வாசிப்பு நின்றவுடன் பெருக்கம் மிகுந்து இரைச்சல் எழுவது. அடக்கத்துக்கு அது விலையென்க.

பெட்டி அலுமினியத்தாலாகித் தரையோடு இணைந்திருப்பின் புறத்து மின்னிரைச்சல் குறையும். நம் பகுதியின் உப்புக்காற்று ஜாக்கையும் ஸ்விட்சையும் களிம்பேற்றுமாதலால், அடிக்கடி துடைத்து, பற்றவைத்த இடங்களுக்கு வார்னிஷ் பூசுக.

மாணவர்காள்! இப்பெட்டி விரற்பயிற்சிக்கு ஈடாகாது. எல்லா ஒலியையும் ஒரே மட்டமாக்கிவிட்டால் இசையின் உயிரும் ஒடுங்கும்; ஆதலால் உணர்வுக் குமிழைச் சிறிதே திருப்புக. கடையில் வாங்கிய பெட்டியில் தவறு நேர்ந்தால் வாசித்தவனைப் பழிப்பதே எளிது. தன் கையாற் செய்தவனோ முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்பான். பிறகே நண்பனின் விரலைப் பற்றிப் பேசுவான்.