திருத்தணியில் மலர்ந்த இசை

இனிய குரலும் கூரிய அறிவும் இயற்கையாய் அமையினும், நெடுநாட் பயிற்சியின்றி இசைக்கலை ஒருவர்க்குக் கைவருதல் அரிது. இவ்வுண்மையை நன்கு விளக்குவது முத்துசாமி தீட்சிதரின் இளமை வரலாறு.

தீட்சிதர் 1775ஆம் ஆண்டில் திருவாரூரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் இராமசாமி தீட்சிதர், அம்சத்வனி என்னும் இராகத்தை ஆக்கித் தந்த பெருமையுடையவர். அவரே மைந்தர்க்கு ஆசிரியருமாயினார். பின்னர் அக்குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வள்ளல் ஒருவரின் ஆதரவில் வாழ்ந்தது. அக்காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் முழக்கிய பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு இளைஞர்க்குக் கிட்டியது. தம்பி பாலுசாமி வயலின் பயின்றார். அக்கருவி நம் இசையரங்கில் இடம்பெற வழிகோலியவருள் அவரும் ஒருவர்.

பின்பு சிதம்பரநாத யோகி என்னும் பெரியார் தீட்சிதரைத் தம்முடன் காசிக்கு அழைத்துச் சென்றார். அங்குச் சில ஆண்டுகள் தங்கி, குருவுக்குத் தொண்டு புரிந்து, வடநாட்டு இசையையும் செவியாரக் கேட்டு உணர்ந்தார். இத்துணையும் கற்ற பின்னரே அவர் தென்னாடு திரும்பித் திருத்தணி மலையை அடைந்தார்.

முருகன் சந்நிதியில் அவர் தியானத்தில் அமர்ந்திருந்தபோது, முதியவர் ஒருவர் தோன்றி, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டு மறைந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அங்கேயே அவர்தம் முதற் கீர்த்தனை பிறந்தது. அதன் இராகம் மாயாமாளவகௌளை. இசை பயிலும் சிறுவர் முதன்முதற் பாடும் சரளி வரிசை அமைந்ததும் அவ்விராகத்திலேயாம். பலவும் கற்ற புலவர், தொடக்கப் பாடத்தின் இராகத்திலேயே தம் பணியைத் தொடங்கினார்! வேற்றுமை எட்டு என்பதை மாணவர் அறிவர். அவ்வெட்டு வேற்றுமைகளிலும் முறையே ஒவ்வொரு கீர்த்தனை பாடினார் என்பர். 'குருகுக' என்பது அவர்தம் முத்திரை.

கோட்டையிற் கேட்ட மேனாட்டு மெட்டுகளையும் அவர் புறக்கணித்திலர். சங்கராபரண இராகத்தில் ஏறத்தாழ 40 மெட்டுகளுக்கு வடமொழிப் பாடல் அமைத்தார். இவை நோட்டுசுர சாகித்தியங்கள் எனப்படும். பியானோவில் ஒரு கட்டையை அழுத்தின் ஒரு சுரமே அசைவின்றி ஒலிக்கும். வீணையிலோ தந்தியை இழுத்துச் சுரத்தை அசைத்து ஒலிக்கச் செய்யலாம். அவ்வசைவே கமகம். நோட்டுசுரங்களில் கமகத்தைச் சேர்க்காது மேனாட்டு மெட்டின் இயல்பைக் காத்தார்; தம் கீர்த்தனைகளிலோ கமகம் ததும்பப் பாடினார். பிறர் கலையை மதித்தார். தம் கலையையும் இழந்தாரில்லை.

1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் தீட்சிதர் மறைந்தார். அவர் பாடல்கள் இன்றும் மேடைதோறும் ஒலிக்கின்றன. விரைந்து மேடையேற விழைவோர், திருத்தணிப் படிகளில் ஏறுமுன் அவர் கற்ற ஆண்டுகளை எண்ணிப் பார்த்தல் நன்று.