பணத்துக்கு முன்பா, பின்பா?

நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சொந்தக் கம்பெனி தொடங்குகிறார்கள். முதலீடு செய்ய வருபவர் கேட்பது, "கம்பெனியின் மதிப்பு என்ன?" பாலத்துக்கு எஸ்டிமேட் போடுவதுபோல் இதற்குப் போட முடியாது, விற்பனையே இன்னும் தொடங்கவில்லையே! பதினெட்டு மாதச் சம்பளம், வாடகைக்கு எவ்வளவு வேண்டும், அதற்கு எத்தனை சதவிகிதப் பங்கு தரலாம் என்று பேரம் பேசித்தான் மதிப்பு முடிவாகிறது.

தேவை 50 லட்சம், மதிப்பு 2 கோடி என்று வைத்துக்கொள்வோம். இந்த 2 கோடி, பணம் வருவதற்கு முன்பா, வந்த பின்பா? முன்பு என்றால், பணம் சேர்ந்ததும் மதிப்பு இரண்டரைக் கோடி. வந்தவருக்கு 20 சதவிகிதம். பின்பு என்றால் 25 சதவிகிதம். ஒரே சொல்லில் ஐந்து சதவிகிதம் போய்விடுகிறது! கையெழுத்துக்கு முன் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் 2022இல் அறிவித்த திட்டத்தில் 1,25,000 டாலருக்கு 7 சதவிகிதம். வகுத்துப் பாருங்கள், பணம் சேர்ந்த பின் மதிப்பு ஏறத்தாழ 17.86 லட்சம் டாலர்.

மதிப்பை மிக உயர்த்திக் கேட்பதிலும் ஆபத்து உண்டு. அடுத்த சுற்றில் விலை இறங்கினால், ஒப்பந்த ஷரத்தைப் பொறுத்து, பழைய முதலீட்டாளருக்கு ஈடாகக் கூடுதல் பங்கு தர நேரும். அது பெரும்பாலும் பிள்ளையின் பங்கைத்தான் குறைக்கும்.