பஸ் வராவிடில் யாரைக் கேட்பது?

கிராமத்தின் வளர்ச்சிக்குக் கிணறும் பள்ளிக்கூடமும் எவ்வளவு அவசியமோ, காலம் தவறாது வரும் பஸ்ஸும் அவ்வளவு அவசியமாகும். விடியற்காலையில் சந்தைக்குச் சேர வேண்டிய கீரைக்கட்டு உச்சிப் பொழுதில் சேருமாயின் பாதி விலைக்குத்தான் போகும். கர்ப்பிணிப் பெண் பரிசோதனைக்குச் செல்வதும், பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வதும் அந்த ஒரு பஸ்ஸையே நம்பியுள்ளன. பஸ் வராத நாளில் நம் மக்கள் கண்டக்டரை ஏசுவர். மறுநாள் அதே கண்டக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு பேசாமல் பிரயாணம் செய்வர். அக்கண்டக்டருக்கு மேலே யார், எல்லோருக்கும் மேலிருந்து கணக்குக் கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கிராமத்தின் அனுபவம்

நாம் பணியாற்றிய வட்டாரம் ஒன்றில், பிரதான சாலையிலிருந்து ஐந்து மைல் உள்ளடங்கிய கிராமம் ஒன்று உண்டு. காலை ஏழேகால் மணி பஸ்ஸில் மாணவிகள் பள்ளிக்குச் செல்வர். ஓர் ஐப்பசி மழையில் சிறுபாலத்தின் ஓரம் கரைந்தது, பஸ் நின்றது. பாதை சீரானால் பஸ் வரும் என்று போக்குவரத்துக் கழகத்தார் கூறினர். பஞ்சாயத்தார் ஒரு மாதத்திற்குள் பாலத்தைச் சீர்செய்தனர். பிறகும் பஸ் சில நாள் வந்தது, பல நாள் வரவில்லை.

பஞ்சாயத்தார் மனு எழுதினர். 'எங்கள் ஊருக்குப் பஸ் வசதி இல்லை, ஆவன செய்க' என்ற ஒரே வாசகம் கலெக்டருக்கும் அமைச்சருக்கும் நமக்கும் வந்தது. நாமும் அதன்மேல் 'தக்க நடவடிக்கைக்காக' என்று எழுதி மேலே அனுப்பினோம். 'மேற்படித் தடத்தில் நாள்தோறும் நான்கு நடை இயங்கி வருகின்றது' என்று பதில் வந்தது. காகிதத்தில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது, மாணவிகள் நடந்துகொண்டிருந்தனர். அவர்களுள் மூவர் தை மாதத்திற்குள் படிப்பை நிறுத்தி வீட்டோடு இருந்துவிட்டனர். அந்த மனுவைப் படித்தவுடன் நாம் ஊருக்கு நேரில் சென்று பார்த்திருக்க வேண்டும். அதனைச் செய்யத் தவறினோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

முடிவில் அந்தப் பஸ் எவ்வாறு திரும்பியது என்பதைக் கூறுமுன், அதற்குக் காரணமாயிருந்த ஏற்பாட்டை அறிந்துகொள்வோம்.

யார் எதற்குப் பொறுப்பு?

பஸ் சம்பந்தமான காரியங்கள் யாவும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. வண்டிகளைப் பதிவு செய்தல், ஓட்டுநர் உரிமம் வழங்குதல், தனியார் பஸ், மினி பஸ் ஆகியவற்றின் பெர்மிட் நிபந்தனைகளைக் கவனித்தல் ஆகியவை போக்குவரத்து ஆணையரின் கீழுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களைச் சார்ந்தவை. அரசாங்க பஸ்களை ஓட்டுவது போக்குவரத்துக் கழகங்களின் வேலை. 1972-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அரசாங்க பஸ் போக்குவரத்து தனித்தனிக் கழகங்களாக அமைக்கப்பட்டது. இன்று எட்டுக் கழகங்கள் உள்ளன. இவை கம்பெனிச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. இவற்றின் சொந்தக்காரர் அரசாங்கமே. மூன்றாவதாக, பஸ் ஓடும் சாலை இவ்விரு பிரிவுக்கும் உரியதன்று. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையையும், கிராமச் சாலை பஞ்சாயத்தையும் ஊராட்சி ஒன்றியத்தையும் சேரும்.

ஆணையரும் கழகங்களும் போக்குவரத்து அமைச்சரின் பொறுப்பில் உள்ளனர். அமைச்சர் யாருக்குப் பொறுப்பு? அமைச்சரவை முழுவதும் கூட்டாகச் சட்டசபைக்குப் பொறுப்புடையது என்று நமது அரசியலமைப்பின் 164-ஆம் பிரிவு கூறுகின்றது. ஆகவே ஏழேகால் மணி பஸ்ஸைப் பற்றிய பொறுப்பு, கிளை மேலாளர் மேசையிலிருந்து படிப்படியாக ஏறி, 234 அங்கத்தினர் அமர்ந்துள்ள சட்டசபையின் முன் சென்று நிற்கின்றது. அந்த 234 பேரையும் அங்கு அனுப்பியவர்கள் நாமே.

கேள்வி கேட்கும் உரிமை

சட்டசபை பஸ் ஓட்டுவதில்லை. கிளை மேலாளருக்கு நேராக உத்தரவு இடுவதுமில்லை. அதன் வேலை கேட்பது, பணம் ஒதுக்குவது, கணக்குப் பார்ப்பது என்ற மூன்றாகும்.

முதலாவது, கேள்வி நேரம். அங்கத்தினர் எழுத்து மூலம் அனுப்பும் கேள்விக்கு அமைச்சர் விடை தர வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அவையில் வாய்மொழியாக விடை கூறப்படும். அதன்மேல் துணைக் கேள்விகளும் எழுப்பலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்து மூலம் விடை கிடைக்கும். அவசரமான பொது விஷயமாயின் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவரலாம்.

கேள்வியின் வலிமை விடையில் மட்டும் இல்லை. விடை தயாராகும் முறையிலும் உள்ளது. சென்னைத் தலைமைச் செயலகத்தில் கேள்வி வந்தவுடன், விவரம் கேட்டு அது கழகத்தின் தலைமை அலுவலகத்திற்கும், அங்கிருந்து கிளைக்கும் இறங்கி வரும். அவையில் வேண்டுமென்றே தவறான தகவல் தருவது உரிமை மீறலாகும். ஆதலால், மனுவுக்கு வழக்கமான வாசகத்தை எழுதி அனுப்பும் அலுவலகமும், சட்டசபைக் கேள்விக்கு மெய்யான நடைக் கணக்கைப் பார்த்தே எழுத வேண்டியதாகின்றது.

பணம் ஒதுக்கும் அதிகாரம்

இரண்டாவது, மானியக் கோரிக்கை. அரசியலமைப்பின் 203-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு துறையின் செலவும் சட்டசபையின் முன் கோரிக்கையாக வைக்கப்படும். சபை அதனை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். தானாக உயர்த்த இயலாது. அந்த விவாதத்தின்போது துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு அங்கத்தினர்களுக்கு வழங்கப்படும். ஒரு குறையை எடுத்துக்காட்ட விரும்பும் அங்கத்தினர், ஒரு சிறு தொகையைக் குறைக்குமாறு வெட்டுத் தீர்மானம் கொடுப்பதும் உண்டு. தொகையை மிச்சப்படுத்துவது அதன் நோக்கமன்று. குறையைப் பதிவு செய்வதே நோக்கம்.

இவ்விடத்தில் விவசாயிகள் ஓர் உண்மையைக் கருத வேண்டும். உள்கிராமத்துத் தடம் பெரும்பாலும் லாபம் தராது. மாணவர்கள் இலவசப் பாஸில் வருகின்றனர். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கின்றனர். இச்சலுகைகள் நல்லவை, ஆனால் டீசலும் டயரும் இலவசமாகக் கிடைப்பதில்லை. அந்தச் செலவை அரசாங்கம் கழகத்திற்கு ஈடு செய்ய வேண்டும். அதற்கான தொகை சட்டசபையின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஈட்டுத்தொகை போதாமலோ தாமதமாகவோ வருமாயின் கழகம் எங்கே சிக்கனம் செய்யும்? கூட்டம் நிறைந்த நகரத் தடத்தில் கை வைக்காது. ஆள் குறைந்த கிராமத்து நடையைத்தான் முதலில் நிறுத்தும். ஆகவே கிராமத்து பஸ் என்பது தயவினால் ஓடுவதன்று. அதற்குரிய பணம் வெளிப்படையாக ஒதுக்கப்பட்டு ஓட வேண்டியது. இதனை நம் அங்கத்தினர்கள் மானிய விவாதத்தில் கேட்குமாறு நாம் கூற வேண்டும்.

கணக்குப் பார்க்கும் குழுக்கள்

மூன்றாவது, செலவழித்த பணத்தின் கணக்கு. அரசாங்கக் கணக்குகளை இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் தணிக்கை செய்கின்றார். அவருடைய அறிக்கை, 151-ஆம் பிரிவின்படி கவர்னர் மூலம் சட்டசபையின் முன் வைக்கப்படுகின்றது. துறைகளின் கணக்கைப் பொதுக் கணக்குக் குழுவும், கழகங்களின் கணக்கைப் பொது நிறுவனங்கள் குழுவும் ஆராய்கின்றன. இக்குழுக்களில் ஆளுங்கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் ஒன்றாக அமர்ந்து, அதிகாரிகளை அழைத்து விளக்கம் கேட்பர்.

கிராமத்தாருக்கு நேரே பயன்படுவன வேறு இரண்டு குழுக்கள். அமைச்சர் அவையில் அளித்த உறுதிமொழிகளைத் தொகுத்து, அவை நிறைவேறினவா என்று பார்ப்பது உறுதிமொழிக் குழு. பொதுமக்களிடமிருந்து மனுப் பெற்று ஆராய்வது மனுக்கள் குழு. இக்குழு மாவட்டங்களுக்கு வருகை தரும்பொழுது முன்னதாக அறிவிப்பு வெளியாகும். நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினையே மனுவில் இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை என்ற அளவோடு நிற்க வேண்டும். நீதிமன்ற வழக்கில் உள்ளவையும் தனிப்பட்டவர் குறைகளும் அங்கு ஏற்கப்படா. பஸ், பாலம், பட்டா மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்றுமே நிற்கும்.

பஸ் திரும்பிய விதம்

இனி நாம் முன்னர்க் குறிப்பிட்ட கிராமத்திற்கு வருவோம். அவ்வூர்ப் பஞ்சாயத்தில் அங்கத்தினராயிருந்த ஓர் அம்மையார் பஸ் நிற்குமிடத்தில் தேநீர்க் கடை வைத்திருந்தார். அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். கடைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில், காலை பஸ் வந்த நாளுக்கு ஒரு கோடும், வராத நாளுக்கு ஒரு சுழியும் இட்டு வந்தார். வந்த நேரத்தையும் குறித்தார். இரண்டு மாதத்தில் கோட்டை விடச் சுழியே அதிகமாயிருந்தது. கிராம சபைக் கூட்டத்தில் அக்காலண்டரைப் பலர் முன்னிலையில் படித்துக் காட்டி, தீர்மானம் நிறைவேற்றினர். பாலம் சீர்செய்யப்பட்டதற்கு ஒன்றியப் பொறியாளரின் சான்றும் சேர்த்தனர். இவ்வளவையும் தொகுதிச் சட்டசபை அங்கத்தினரிடம் கொடுத்தனர்.

அவர் கேள்வி எழுதி அனுப்பினார். இன்ன தடத்தில், இன்ன தேதிகளில், காலை நடை இயங்கியதா என்பதே கேள்வி. 'பஸ் வசதி உண்டா' என்று கேட்டிருந்தால் 'உண்டு' என்ற விடையோடு முடிந்திருக்கும். தேதியைக் கேட்டபடியால் கிளையில் பதிவேட்டைத் திறக்க வேண்டியதாயிற்று. விடை அவைக்கு வருவதற்கு முன்பே, ஏழேகால் மணி பஸ் ஊருக்கு வந்துவிட்டது!

எல்லாம் நிறைவேறிற்று என்று கூற மாட்டோம். இரவு நடை நெடுநாள் வரை வரவில்லை. படிப்பை நிறுத்திய மூன்று மாணவிகளுள் இருவர் மீண்டும் பள்ளி சேர்ந்தனர். மூன்றாமவளுக்கு அதற்குள் கலியாணம் முடிந்திருந்தது. கேட்பதில் நேரும் தாமதத்திற்கும் ஒரு விலை உண்டு என்பதை இதனால் உணரலாம்.

பஞ்சாயத்தார் செய்ய வேண்டுவன

முதலில் நம் கடமையை நாம் செய்துவிட வேண்டும். சாலை, சிறுபாலம் முதலியவை அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்குரிய விஷயங்களாகவே குறிக்கப்பட்டுள்ளன. தாழ்ந்த மரக்கிளையை வெட்டாமலும், சாலைப் பள்ளத்தை மூடாமலும் வைத்துக்கொண்டு பஸ்ஸைக் கேட்டால், பழி நம் மீதே திரும்பும்.

அடுத்து, ஊரில் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். தடம் எண், வர வேண்டிய நேரம், வந்த நேரம், வராத நாள் ஆகிய நான்கும் போதும். எந்த நடைகள் அனுமதிக்கப்பட்டுள்ளன என்பது தெரியாவிடில், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கழகத்திற்கு எழுதிக் கேட்கலாம். சாதாரணமாக முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். அவ்விடையையும் நம் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தானே விளங்கும்.

பின்னர், படிவரிசை தவறாமல் செல்ல வேண்டும். முதலில் கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை பெறுக. பல சமயம் காரியம் அங்கேயே முடிந்துவிடும். ஓட்டுநர் பற்றாக்குறை, வண்டிப் பழுது போன்ற மெய்யான கஷ்டங்கள் அவருக்கும் உண்டு. முடியாதபொழுது, கிராம சபைத் தீர்மானத்துடன் கழகத்தின் மேலதிகாரிகளுக்கும், பிறகு சட்டசபை அங்கத்தினருக்கும் செல்க. மானிய விவாதம் தொடங்குமுன் அவர் கையில் விவரம் சேருமாயின் பயன் அதிகம். அவர் எக்கட்சியினர் என்று பார்க்க வேண்டுவதில்லை. குறிப்பேட்டிற்குக் கட்சி இல்லை.

சட்டசபைக்குக் கேட்கும் அதிகாரம் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பஸ் இன்று காலை வந்ததா இல்லையா என்பதை அது தானாக அறியாது. அதனை அறிந்தவர் பஸ் நிற்குமிடத்தில் காத்திருந்தவரே. அவர் கண்டதைத் தேதியோடு எழுதிவைப்பாராயின், சட்டசபை அங்கத்தினர் கேட்பதற்குக் கேள்வி கிடைக்கும். இத்தகைய குறிப்பேடு ஒன்றை அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே தொடங்குமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.