படத்துக்குள் அகப்பட்ட தமிழ்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் சேலைக் கடை நடத்துகிறவரிடமோ, கொட்டாஞ்சேனையில் பலசரக்கு வியாபாரம் செய்கிறவரிடமோ, வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும் முறையைப் பற்றிப் பேச்செடுத்துப் பார்த்தால், எழுத்தாக அனுப்புவது கழிந்துபோன காலத்துச் சம்பிரதாயம் என்றும், அழகான படமொன்றில் சொற்களைப் பதித்து வட்ஸ்அப்பிலோ வைபரிலோ விடுவதே நாகரிகமும் இலாபமுமான வழி என்றும் சிறிதும் சந்தேகமின்றிச் சொல்வார். இந்த அபிப்பிராயத்தில் உண்மையின் அம்சம் அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதனோடு கலந்து கிடக்கும் பிரமைகள் பல. அவற்றுள் ஒன்று நம்முடைய மொழிக்கே ஊறு செய்வதாகையால், அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

"தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் காசு இரட்டிப்பு, ஆகவே ஆங்கிலத்தில் எழுது, இல்லையேல் தமிழைப் படமாக்கு" என்பது அந்த நம்பிக்கை. இதன் மூலத்தை அறிய வேண்டுமானால் நாற்பது ஆண்டுகள் பின்னே போகவேண்டும். 1985ஆம் ஆண்டளவில் ஹில்லபிராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியியலாளர், தபாலட்டைகளிலும் தெலெக்ஸ் செய்திகளிலும் மனிதர் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று கணக்குப் பார்த்து, 160 எழுத்துகளுக்குள் அநேகமாக எந்த விஷயத்தையும் சொல்லி முடித்துவிடலாம் என்று கண்டார். அந்த எண்ணே குறுஞ்செய்தியின் அளவாக நிலைத்தது. 140 பைட் கொள்ளும் ஒரு சின்னஞ்சிறு பெட்டிக்குள், எழுத்தொன்றுக்கு ஏழு பிட் வீதம் ரோம எழுத்துகளை அடுக்கினால் 160 கொள்ளும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் குறியொன்றுக்கு 16 பிட் தேவைப்படுவதால், அதே பெட்டியில் 70 மாத்திரமே கொள்ளும்.

அதோடு நிற்பதில்லை. நாம் ஓர் எழுத்தென்று எண்ணும் மெய்யையும், அகரமேறியது தவிர்ந்த உயிர்மெய்யையும் கணினி இரண்டாகப் பிரித்தே எண்ணுகிறது: மெய்யின் புள்ளிக்கு ஓர் இடம், உகரக் கொக்கிக்கு ஓர் இடம். வெள்ளவத்தை என்ற பெயரில் நமக்கு 6 எழுத்துகள், தொலைபேசிக்கோ 10. கொட்டாஞ்சேனையிலும் நமக்கு 6 எழுத்துகளே, தொலைபேசிக்கோ 12. எல்லையை ஒரு புள்ளி தாண்டினாலும் செய்தி இரண்டு துண்டாகிறது. துண்டுகளை மீண்டும் ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் விடவேண்டியிருப்பதால், அப்போது ஒவ்வொரு துண்டிலும் 67 இடங்களே மிஞ்சுகின்றன. காசும் துண்டுக் கணக்கிலேயே போகிறது. ஆங்கிலத்தில் எழுதித் தப்பித்தோம் என்று நினைப்பவர்களும் ஒன்றை அறியவேண்டும்: அந்த ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழெழுத்தோ, அலங்காரத்துக்காக ஒரு சிரித்த முகமோ புகுந்துவிட்டால், முழுச் செய்தியும் 70இன் கணக்குக்கு இறங்கிவிடும்.

ஆகவே கணக்கு மெய்தான். அதிலிருந்து எடுத்த முடிவே பொய். தமிழ்ச் செய்தி 70ஐத் தாண்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் தமிழ் அன்று, நம்முடைய முகமன். "எங்கள் அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு ஓர் இனிய அறிவித்தல்" என்று தொடங்குகிறோமே, அதை எண்ணிப் பார்த்தேன்: 58 இடங்கள். கடை திறந்திருக்கிறதா, சாமான் வந்துவிட்டதா, என்ன விலை என்று ஒன்றுமே சொல்லாமல் பெட்டியில் முக்காற்பங்குக்கு மேல் நிரம்பிவிட்டது. சொல்லுக்குக் காசு கொடுத்துத் தந்தியடித்த தலைமுறை இப்படி எழுதியதில்லை. அதற்கும் முன்னே, 1850களில், காலித் துறைமுகத்தில் கப்பல் கொண்டுவந்த செய்தியைச் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை புறாக்களிடம் கொடுத்துக் கொழும்புக்குப் பறக்கவிட்டது. ஒரு புறா சுமக்கக்கூடிய காகிதம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால், சுருங்கச் சொல்லுதல் இந்தக் கரையோரத்துக்குப் புதிய வித்தையல்ல என்பது விளங்கும்.

தமிழைப் படமாக்குவதில் நேரும் நஷ்டத்தை நான் என் வீட்டிலேயே கண்டேன். என் அக்காவுக்குக் கண் பார்வை மிகக் குன்றிவிட்டது. அவரது தொலைபேசி, வரும் தமிழ்ச் செய்திகளைக் குரலெடுத்து வாசித்துக் காட்டுவதால், இன்னும் ஒருவர் உதவியின்றித் தம் காரியங்களைத் தாமே பார்த்துவருகிறார். சென்ற ஆண்டில், அவர் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையொன்று வேறு ஒழுங்கைக்கு மாறியபோது, புதிய விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் வர்ணப் படமொன்றில் பொறித்து எல்லோருக்கும் அனுப்பியது. அக்காவின் தொலைபேசி "படம்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு மௌனமாயிற்று. "தம்பி, அந்தக் கடை எனக்கு ஏதோ படம் அனுப்பியிருக்குது, பூப்படமோ?" என்று அவர் என்னைக் கேட்டார். எழுத்தாக வந்திருந்தால் அவரே கேட்டறிந்து, இலக்கத்தைத் தொட்டு, கடைக்காரரோடு பேசியிருப்பார். கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் இந்த நஷ்டம் உண்டு. படத்திலுள்ள இலக்கத்தை எளிதில் பிரதியெடுக்க முடிவதில்லை. ஆறு மாதங்கழித்து ஒரு விலையைத் தேடினால், சொல்லைக் கொடுத்துக் கண்டுபிடிக்கவும் இயலாது. படமாகிவிட்ட தமிழ், பார்ப்பதற்குத் தமிழாயிருந்தாலும் உபயோகத்தில் ஓவியமே.

இனி, "வட்ஸ்அப் இலவசம், எல்லோருக்கும் போய்ச் சேரும்" என்ற நம்பிக்கை. ஒரே தடவையில் பலருக்கு அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பது பலருக்குத் தெரியும். அவர்களுள் உம்முடைய இலக்கத்தைத் தம் தொலைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கே அது போய்ச் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. கடைக்காரர் தம் புத்தகத்திலுள்ள இலக்கங்களையெல்லாம் பட்டியலிட்டு அனுப்பிவிட்டுத் திருப்தியடைகிறார். ஒரேயொரு முறை வந்து துணி வாங்கிப் போன புதிய வாடிக்கையாளர், யாரை அழைப்பது அதிமுக்கியமோ அவர், கடையின் இலக்கத்தைப் பதிந்திருக்கவே மாட்டார். குறுஞ்செய்திக்கு இந்த நிபந்தனை இல்லை. சாதாரணப் பொத்தான் தொலைபேசியிலும் வரும், டேட்டா தீர்ந்து ரீலோட் செய்யாதவருக்கும் வரும், தொலைபேசி அணைந்திருந்தால் நிலையத்தில் சில காலம் காத்திருந்து பிறகு வரும். ஆனால் போய்ச் சேர்ந்ததென்ற அத்தாட்சி, வாசித்ததற்கு அத்தாட்சி ஆகாது.

குறுஞ்செய்தியைக் கைவிடாதிருக்கக் கொழும்பு நகரத்தார் மறக்கக்கூடாத வேறொரு காரணமும் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்தக் காலைக்குப் பிறகு, கொட்டாஞ்சேனை முழுவதும் தன் உறவுகளைத் தேடித் தவித்துக்கொண்டிருந்த வேளையில், அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவற்றைத் தடைசெய்தது. அத்தடை அந்த மாத முடிவு வரை நீடித்தது. அதற்கு முந்திய ஆண்டில், திகனைக் கலவரத்தின்போதும் அப்படியே நடந்தது; 2022 ஏப்ரல் 3ஆம் திகதியிலும் பல மணி நேரம் நடந்தது. தடுக்கப்பட்டவை இணையவழிச் சேவைகள். சாதாரணக் குறுஞ்செய்தி அந்தத் தடைக்குள் வரவில்லை. இவை போக, 2021 அக்டோபர் 4ஆம் திகதி இரவு, எவருடைய தடையுமின்றி, நிறுவனத்தின் சொந்தக் கோளாறினாலேயே வட்ஸ்அப் உலகெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியது. வியாபாரத்தின் வாய் முழுவதையும் ஒரே செயலிக்குள் வைத்துக்கொள்வது அபாயம் என்று நான் சொல்வது இவற்றை நினைந்தே.

இவ்வளவும் சொன்னதால் படத்தை நான் பகைப்பதாக எண்ணவேண்டாம். கூறைச் சேலையின் கரையை எந்தச் சொல்லால் வர்ணிப்பது? செட்டியார் தெருவில் தாலிக்கொடிக்குச் சொல்லிவைத்தவர், மாதிரியைப் பார்க்காமல் எப்படிச் சம்மதிப்பார்? நிறமும் வேலைப்பாடும் விலைபேசும் இடத்தில் படமே பேசவேண்டும். அங்கே பத்து வரி எழுத்து வீண். ஆனால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கியே அனுப்புகிறது என்பதை நினைவில் வைத்து, சிறிய எழுத்துள்ள சிட்டைகளையும் விலைப்பட்டியல்களையும் ஆவணமாக இணைத்து அனுப்புவது நல்லது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வந்த கியூ.ஆர். முறையை எண்ணிப் பாருங்கள்: நிரப்பு நிலையத்தில் காட்டவேண்டியது படம், பதிவு செய்யும்போது வந்த இரகசிய இலக்கம் எழுத்து. இயந்திரத்தின் கண்ணுக்கு உரியது படமாகவும், மனிதர் வாசித்து மறுபடி எழுதவேண்டியது எழுத்தாகவும் வந்த அந்தப் பிரிவினை மிகச் சரியானது.

எம்.எம்.எஸ். என்று முன்னர் பேசப்பட்ட பல்லூடகச் செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை போதும். அது படத்தை நேரே கொண்டுவருவதில்லை. படம் காத்திருக்கிறது என்ற அறிவிப்பே முதலில் குறுஞ்செய்தியாக வரும், அதன் பின் தொலைபேசி டேட்டா வழியே போய்ப் படத்தை எடுத்துவரவேண்டும். டேட்டாவில்லாதவருக்கு அதனாலும் பிரயோசனமில்லை.

"வங்கியின் பெயரோடு வந்தால் அது வங்கியின் செய்தியே" என்பது மற்றொரு நம்பிக்கை. இது பலருடைய பணத்தைக் கொண்டுபோயிருக்கிறது. அனுப்புநர் பெயராகத் தெரிவது 11 ரோம எழுத்துகளுக்குள் அமையும் ஒரு சீட்டு. அதைப் போலியாக ஒட்டவும் வஞ்சகர் அறிவர், ஒட்டினால் உண்மையான வங்கிச் செய்திகளின் வரிசையிலேயே அது போய் அமர்ந்துகொள்ளும். இரகசியத்தைப் பொறுத்தவரையில் வட்ஸ்அப்பே மேல். 2016 முதல் அங்கே செய்திகள் அனுப்புவோரும் பெறுவோருமன்றி இடையில் எவரும் வாசிக்கமுடியாதபடி பூட்டப்பட்டுச் செல்கின்றன, குறுஞ்செய்திக்கு அந்தப் பூட்டு இல்லை.

கடைசியாக, தொலைபேசிச் செய்தி சட்டத்தின் முன் நில்லாது, கடைப்பெயர் அச்சிட்ட தாளைப் படமெடுத்து அனுப்பினால்தான் செல்லும் என்பாருக்கு ஒரு வார்த்தை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற காரணத்துக்காக மாத்திரம் ஒரு செய்தியைச் செல்லாததென்று தள்ளக்கூடாது என்கிறது. எழுத்துக்கும் படத்துக்கும் அதில் ஏற்றத்தாழ்வில்லை. மரண சாசனம், அற்றோர்ணித் தத்துவம், காணி வீடு விற்பனை போன்றவை அச்சட்டத்துக்குப் புறம்பானவை. வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு வாங்குவோர் அதை வட்ஸ்அப்பில் முடித்துவிட்டதாக நம்பியிருக்கவேண்டாம்.

எங்கள் ஒழுங்கையில் தையல் வேலை செய்யும் அம்மையார் ஒருவர், தமிழில் அனுப்பினால் கட்டாது என்று, வாடிக்கையாளருக்கு ரோம எழுத்தில் தமிழை எழுதி அனுப்பிவந்தார். ஒருநாள் மாலை அவரோடு உட்கார்ந்து இதை எழுதினேன்: "உங்கள் சேலைச் சட்டை தயார். சனி மாலை 6 மணி வரை வந்து எடுக்கலாம்." புள்ளி, கொக்கி, இடைவெளி யாவும் சேர்த்து எண்ணினால் 63. "ஐயா, நன்றி சொல்லாமல் விடுறது மரியாதை இல்லையே" என்றார் அவர். "நன்றி" என்ற சொல்லை ஓர் இடைவெளியோடும் முற்றுப்புள்ளியோடும் சேர்த்து மறுபடி எண்ணினோம்: சரியாக 70.