ஒரு பிடி அரிசி

உழைத்து ஈட்டிய பணத்தை எவரேனும் குப்பைத் தொட்டியில் போடுவரோ? போடார். ஆயினும், அப்பணம் கொடுத்து வாங்கிய உணவை நாம் நாள்தோறும் கொட்டிக்கொண்டிருக்கிறோம். இதன் காரணங்களை மாணவரும் பெற்றோரும் சற்றே ஆராய்தல் நலம்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. உணவகங்களும் கடைகளும் அதற்கு அடுத்தபடியே. ஆதலின், பிறரைக் குறை கூறுமுன் நம் சமையலறையை நோக்குவோம்.

முதற்காரணம் அளவின்றிச் சமைத்தல். சோறு போதாமற் போய்விடுமோ என்னும் அச்சத்தால் ஒரு பிடி அரிசியைக் கூடுதலாக உலையில் இடுகிறோம். பிடி ஒன்று 50 கிராம் எனக் கொண்டால், நாளொன்றுக்கு ஒரு பிடி வீதம் ஓராண்டில் 18 கிலோவுக்கு மேலாகிறது. அஃதாவது, 10 கிலோ மூட்டைகள் ஏறத்தாழ இரண்டு!

இரண்டாவது, சம்பள நாளன்று பட்டியலின்றிக் கடைக்குச் செல்லுதல். மலிவு விற்பனை என்றதும் மூன்று கட்டுக் கீரை வாங்குகிறோம். ஒன்று சமைக்கப்படுகிறது, இரண்டு அழுகுகின்றன. மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் வைத்ததை மறத்தல். நான்காவது, உறையில் அச்சிட்ட தேதியைத் தவறாகப் புரிந்துகொள்ளுதல். ‘தாரிக் லுப்புட்’ என்பது காலாவதித் தேதி, அதன்பின் உண்ணலாகாது. ‘பாய்க் செபெலும்’ என்பதோ அத்தேதிவரை தரம் சிறந்திருக்கும் என்பதைக் குறிப்பது. முறையாகப் பாதுகாத்த பொருள் மறுநாளே கெட்டுவிடுவதில்லை.

கொட்டிய உணவு வாளாவிருப்பதுமில்லை. குப்பை மேட்டில் காற்றுப் புகாமல் அழுகி, மீத்தேன் என்னும் வாயுவை வெளியிட்டுப் புவியின் வெப்பத்தை மிகுக்கிறது.

லயத்து வீடுகளில் வாழ்ந்த நம் பாட்டிமார் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் சேர்த்து வைப்பர். மாதக் கடைசியில் அதுவே குடும்பத்திற்குக் கைகொடுக்கும். மிஞ்சிய சோற்றை வடகமாக்கி உலர்த்துவர். அவர்கள் சேமித்த அதே ஒரு பிடியைத்தான் இன்று நாம் கொட்டுகிறோம். வறுமை கற்பித்த நற்பழக்கத்தை, வறுமை சற்று அகன்றதும் நாணத்தக்கதாக எண்ணிவிட்டோம் போலும்!

பள்ளி விருந்துகளில் இலை நிறையப் பரிமாறுவதே சிறப்பென்று நாமும் எண்ணியதுண்டு. சிறுவர் உண்ணாது எழுந்த இலைகளைக் கண்டபின்னரே தவறு விளங்கிற்று. முதலில் சிறிதளவு இட்டு, கேட்டபின் மீண்டும் இடுவதே முறை.

இனிச் செய்யத்தக்கவை சில:

1. அரிசியை ஆள் கணக்கின்படி அளந்து சமைத்தல்.
2. வீட்டில் இருப்பதைப் பார்த்துப் பட்டியல் எழுதியபின் கடைக்குச் செல்லுதல்.
3. முன்னர் வாங்கியதை முன்னே வைத்து முதலில் பயன்படுத்துதல்.
4. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, நன்கு சூடாக்கி உண்ணுதல்.
5. காய்கறித் தோலைக் கொல்லைச் செடிகளுக்கு எருவாக்குதல்.

மாணவர்களே! இன்று தொடங்கி ஏழு நாள்களுக்கு, வீட்டில் கொட்டப்பட்ட உணவு எது, ஏன் கொட்டப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். எட்டாம் நாள் அதைப் பெற்றோரிடம் பணிவுடன் படித்துக் காட்டுங்கள். ஒரு பிடி அரிசியை மீட்பது அவர்தம் உழைப்பை மதிப்பதேயாகும்.