மொமோதாரோ ஜீன்ஸ்: எந்தத் துணியை எடுப்பது?

ஜப்பானில் ஜீன்ஸ் தொழில் வேர்பிடித்த ஊர் ஒகயாமா மாகாணத்துக் கோஜிமா. பள்ளிச் சீருடை தைத்துக் கை பழகிய ஊர் அது. 1965-இல் பிக் ஜான் நிறுவனம் அமெரிக்கத் துணியை வரவழைத்து இங்கே ஜீன்ஸ் தைத்தது. உள்நாட்டுத் துணியில் தைத்த ஜீன்ஸ் 1973-இல் வந்தது. இவ்வூரின் அஜினோ கடைத்தெருவில் இருக்கும் மொமோதாரோ, 2006-இல் தொடங்கிய பெயர். துணித் தொழிலில் வளர்ந்தவர்களின் கடை என்பதால், இங்கே தையலைவிடத் துணியைப் பார்த்து வாங்குவதே முறை.

முதலில் எடை. ஒரு சதுர கஜத் துணி எத்தனை அவுன்ஸ் என்பதே கணக்கு. இக்கடையின் பேர்போன துணி 15.7 அவுன்ஸ். அது முதல் சில வாரம் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். பிறகு உடுத்துபவரின் முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏற்ப வளைந்து கொடுக்கும். சென்னை வெயிலுக்கு அது தண்டனை. 12 அவுன்ஸை ஒட்டிய துணியே நம் ஊருக்குப் போதும்.

அடுத்தது நெசவு. நாடா ஓடும் பழைய விசைத்தறியில் துணி அகலம் குறைவு, வேகமும் குறைவு. ஆனால் இரு பக்கமும் பிரியாத கரை கிடைக்கும். ஜீன்ஸின் கால் விளிம்பை மடித்தால் தெரியும் அந்தக் கரைக்காகவே பலர் கூடுதல் விலை தருகிறார்கள். உண்மையான ஆதாயம் வேறு: இழை அதிகம் இழுபடாததால் துணியில் மேடு பள்ளம் தங்கும், சாயம் வெளுக்கும்போது அது அழகாகத் தெரியும். பாவு நூலின் மேற்பரப்பில் மட்டும் நீலம் ஏறி, உள்ளே வெள்ளையாகவே இருப்பதால்தான் ஜீன்ஸ் வெளுக்கிறது.

கைத்தறியில் நெய்து, இயற்கை நீலச் சாயம் ஏற்றிய வகையும் இங்கே உண்டு. விலை பல மடங்கு. திண்டிவனம் பக்கம் அவுரியிலிருந்து எடுப்பதும் இயற்கை நீலமே. ஜப்பானியர் பாரம்பரியமாகப் பயன்படுத்தும் செடி வேறு. கைவேலையின் அருமை தெரிந்து சேகரிப்பவருக்கு இந்தக் கைத்தறி வகை ஏற்றது; தினமும் போட்டுக்கொள்ள வாங்குபவருக்கு வீண் செலவு.

கோஜிமாவில் எந்தக் கடையானாலும், துவைத்தால் துணி எவ்வளவு சுருங்கும் என்று கேட்டுக்கொள்வது அவசியம். முன்பே சுருக்கி எடுத்த துணி அதிகபட்சம் 3 சதவீதம் சுருங்கும். அப்படிச் சுருக்காதது 10 சதவீதம் வரை போகும். 32 அங்குல இடுப்பில் அது ஏறக்குறைய 3 அங்குலம். முதன்முறை வாங்குபவர் ஒருமுறை அலசிய ஜீன்ஸை எடுப்பதே புத்திசாலித்தனம்.

பின்பையில் இரண்டு வெள்ளைக் கோடு மொமோதாரோவின் அடையாளம். அது சாயமாகப் பூசப்படுவது; நாளடைவில் தேயும். பிடிக்காதவர்களுக்குக் கோடில்லாத வகையும் இருக்கிறது.