எந்த ராத்திரி?

தாராவியில் ஒரு அக்கா இட்லி வியாபாரம் செய்கிறார். விடியும் முன்பே இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுவார். எட்டு மணிக்குள் பாத்திரம் காலியாகிவிடும். அரக்கோணம் பக்கத்துக் கிராமம் அவருக்குச் சொந்த ஊர். மும்பைக்கு வந்து இருபது வருடம் ஆகிறது.

2025 மே மாதம் அவருடைய அண்ணன் மகளுக்குக் கல்யாணம். 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் முகூர்த்தம். அண்ணனுக்குக் கூடப் பிறந்தவர் இந்த அக்கா ஒருவர்தான். பெண்ணுக்குக் கொடுக்க ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கி, பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தார்.

மார்ச் மாதமே மகன் செல்போனில் டிக்கெட் எடுத்துவிட்டான். அவன் பத்தாவது படிக்கிறான். குஜராத்திலிருந்து தெற்கே போகும் வண்டி அது. வாரத்தில் ஒரு நாள்தான் ஓடும். மும்பை நகருக்குள் வராது. அதனால் கல்யாண் ஸ்டேஷனில் போய் ஏற வேண்டும். டிக்கெட்டில் இப்படி இருந்தது:

கல்யாண். 16-05-2025. 00:20.

"16ஆம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி 12.20க்கு வண்டி. சனிக்கிழமை ராத்திரி ஊருக்குப் போயிடலாம்மா" என்றான் மகன்.

அக்காவுக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். எண்கள் நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கவில்லை. மகன் படித்தவன். அவன் சொன்னால் சரி என்று இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு இருவரும் கல்யாண் ஸ்டேஷனில் இருந்தார்கள். பலகையில் அந்த வண்டியின் பெயரே இல்லை. விசாரணை ஜன்னலில் கேட்டார்கள். உள்ளே இருந்தவர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "அம்மா, இது நேற்று ராத்திரியே போய்விட்டது."

மகன் விடவில்லை. "16ன்னுதானே போட்டிருக்கு? இன்னிக்கு 16தானே?"

அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "இன்னும் ஒரு மணி நேரத்தில் 17 பிறந்துவிடும் தம்பி. 16ஆம் தேதி 00:20 என்பது வியாழக்கிழமை ராத்திரி."

வண்டி போகும்போது இருவரும் வீட்டில் தூங்கிக்கொண்டு இருந்தார்கள்.

பையன் எங்கே தவறினான்? அவன் எண்களைச் சரியாகத்தான் படித்தான். நாள் எப்போது பிறக்கிறது என்பதில்தான் தவறினான். நம் வழக்கத்தில் பொழுது விடிந்தால்தான் அடுத்த நாள். பஞ்சாங்கத்திலும் சூரியன் உதிக்கும்போதுதான் கிழமை மாறும். அதனால் "வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை" என்று சொன்னால், வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் கழிந்து வரும் இரவு என்றே எடுத்துக்கொள்கிறோம். பேச்சுக்கு அது சரி. ரயிலுக்கும் செல்போனுக்கும் அது சரிப்படாது. அவற்றுக்கு நள்ளிரவு 12 மணிக்கே தேதி மாறிவிடும்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு நீளக் கோடு போடுங்கள். அதுதான் ஒரு நாள். இடது முனையில் 0 என்று எழுதுங்கள். வலது முனையில் 24 என்று எழுதுங்கள். நடுவில் 12. அது நடுப்பகல். 0க்கும் 12க்கும் நடுவில் 6 என்று எழுதி, ஒரு சூரியனை வரையுங்கள். இப்போது 00:20 எங்கே வரும் என்று பாருங்கள். இடது முனையை ஒட்டி வரும். சூரியனுக்கு வெகு முன்னால் வரும். அதாவது, அந்தத் தேதியின் முதல் இருபது நிமிடம் அது. கடைசி இருபது நிமிடம் அல்ல.

எனவே டிக்கெட்டில் நேரம் 00, 01, 02, 03 என்று தொடங்கினால், தேதியில் ஒன்றைக் கழியுங்கள். அந்த நாள் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்புங்கள்.

டிக்கெட் எடுக்கும்போதும் இதே கணக்குதான். செல்போனில் தேதிப் பெட்டியைத் தொட்டால் ஒரு சின்ன காலண்டர் விரியும். வெள்ளி இரவு கழிந்து 12.20 வண்டியில் போக வேண்டுமா? காலண்டரில் சனிக்கிழமையைத்தான் அழுத்த வேண்டும். தேதிக்குப் பக்கத்தில் "வெள்ளி பின்னிரவு" என்று இரண்டு வார்த்தை சேர்த்துக் காட்டினால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள். இந்தப் பெட்டிகளைச் செய்கிறவர்கள் அதை யோசிக்கலாம். அதுவரை நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் காலண்டரில் சில தேதிகள் மங்கலாக இருக்கும். தொட்டால் ஒன்றும் நடக்காது. செல்போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 1 முதல், 60 நாட்களுக்கு முன்னால்தான் ரயிலில் முன்பதிவு செய்யலாம் என்று ஆனது. முன்பு 120 நாள் இருந்தது. அதற்கு அப்பால் உள்ள தேதியைப் பெட்டி வாங்காது.

பகல் 12க்கு மேல் உள்ள நேரம் எளிது. 12ஐக் கழித்தால் போதும். 17:45 என்றால் மாலை 5.45. 21:30 என்றால் இரவு 9.30.

தேதியைக் கையால் எழுதச் சொல்லும் பெட்டிகளும் உண்டு. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். சில பெட்டிகள் அந்த ஊர் வழக்கப்படியே இருக்கும். 16-05 என்று எழுதினால் அந்தப் பெட்டி ஏற்காது. 16ஆவது மாதம் ஏது? ஆனால் 05-08 என்று எழுதிப் பாருங்கள். நாம் நினைப்பது ஆகஸ்ட் 5. பெட்டி அதை மே 8 என்று சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். பெரிய தவறைப் பெட்டி தடுக்கும். சின்னத் தவறை விட்டுவிடும். ஆகவே பணம் கட்டும் முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். மாதத்தின் பெயரையும் கிழமையையும் வாய்விட்டுப் படியுங்கள்.

மும்பைக்காரர்களுக்கு நேரக் குழப்பம் புதிதல்ல. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்பது 1906இல் வந்தது. அதற்குப் பிறகும் பல வருடங்கள் பம்பாய்க்குத் தனி நேரம் இருந்தது. இரண்டுக்கும் 39 நிமிட வித்தியாசம். "எந்த நேரம்? ஊர் நேரமா, ரயில் நேரமா?" என்று அப்போது கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது கேட்க வேண்டிய கேள்வி, எந்த ராத்திரி என்பதுதான்.

அன்று வேறு வண்டிகளில் இடம் கிடைக்கவில்லை. மே மாதக் கூட்டம். அக்காவுக்கு முழங்கால் வலி. பொதுப் பெட்டியில் ஒரு நாள் முழுக்க நின்று போக முடியாது. கடைசி லோக்கல் வண்டியைப் பிடித்துத் தாராவிக்கே திரும்பினார்கள். டிக்கெட் பணமும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாலி கட்டுவதைச் செல்போனில் பார்த்தார் அக்கா. குத்துவிளக்கு பக்கத்தில் இருந்தது. அண்ணன் ஒரு மாதம் பேசவில்லை.

மகன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அக்கா அவனைத் திட்டவில்லை. "நானும் பார்த்திருக்கணும்டா" என்றார்.

சில மாதம் கழித்து அதே பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. மகன் மறுபடியும் டிக்கெட் எடுத்தான். பணம் கட்டும் முன் அக்கா செல்போனை வாங்கினார். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் படித்தார். நேரம் 01:10 என்று இருந்தது. சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரிடம் போனார். டிக்கெட்டில் இருந்த தேதிக்கு முந்தின நாளைப் பென்சிலால் வட்டமிட்டார்.

"இந்த ராத்திரிதானே?" என்று கேட்டார்.

மகன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "ஆமாம்மா" என்றான். குத்துவிளக்கு இந்தத் தடவை ஊர் போய்ச் சேர்ந்தது.

செய்து பாருங்கள்: ஒரு டிக்கெட்டில் திங்கட்கிழமை 01:45 என்று இருக்கிறது. எந்தக் கிழமை இரவு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்? இன்னொரு டிக்கெட்டில் மார்ச் 1, 00:05 என்று இருக்கிறது. எந்த மாதம், எந்தத் தேதி இரவு கிளம்ப வேண்டும்? லீப் ஆண்டு என்றால் விடை மாறுமா?